தடைக்காலமும் தவணைத் தேதியும்: இராமநாதபுரம் கடற்கரையில் கல்விக்கடன்

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடந்திருக்கும். பலகை மாற்ற, இன்ஜினைப் பிரித்துப் பார்க்க, கிழிந்த வலையைச் சரிசெய்ய என்று கையில் இருந்ததெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் கரைந்திருக்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000 ரூபாயிலிருந்து உயர்த்தி அறிவித்தார்கள். வீடு இப்படி வறண்டு கிடக்கும் நேரத்தில்தான் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. முதல் தவணைக் கட்டணம் கட்டக் கல்லூரி தரும் அவகாசம் சில சமயம் ஒரு வாரம்கூட இருப்பதில்லை.

கல்விக்கடன் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் இந்த நாட்காட்டிதான் நினைவுக்கு வரும். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நீளும் இந்தக் கரையில் மாதச் சம்பளம் வரும் வீடுகள் குறைவு. இராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்தான் தொழிலுக்குப் போகின்றன. போய்த் திரும்பினால் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தில்தான் படகு உரிமையாளரான சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் பங்கு. மீன்பாடு இருந்தால் பணம்; இல்லையென்றால் அடுத்த தங்கலுக்கும், அதாவது அடுத்த கடல் பயணத்துக்கும், முன்பணம் வாங்க வேண்டியதுதான். கடல்பாசி எடுக்கும் பாம்பன் பெண்களுக்கும், சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிறவர்களுக்கும் பருவம்தான் வேறு, நிலைமை இதேதான். கல்விக்கடன் விதிகளோ மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வரும் வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வங்கி கடன் தர மறுக்கிறது என்பதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கிடைத்த பிறகு அந்தக் கடன் இந்த மாதிரி வீட்டில் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் அதிகம் பேச நினைக்கிறேன்.

படிப்புக்காகக் கடன்படுவது இங்கே புதிய பழக்கம் அல்ல. அப்துல் கலாமுக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, இராமேஸ்வரம் வீட்டில் பணம் இல்லாமல் அவருடைய அக்கா சோகரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அன்று ஓர் அக்காவின் நகைக்கு அடங்கும் அளவில்தான் அந்தக் கட்டணம் இருந்தது. 1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. கீழக்கரையிலேயே அந்த ஆண்டில் ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. சென்னைக்கும் கோவைக்கும் போகாமலே படிக்கலாம் என்பது இந்தப் பகுதிக்குப் பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பின் முழுச் செலவும் குடும்பத்தின் தோளுக்கு வந்ததும் அப்போதுதான். நகைக்கு அடங்காத தொகை ஆனபோது வங்கி உள்ளே வந்தது.

இந்திய வங்கிகள் சங்கம் தயாரித்த மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. இப்போதும் அரசு வங்கிகள் பின்பற்றுவது பலமுறை திருத்தப்பட்ட அந்தத் திட்டத்தைத்தான். அதன் சாரம் இது: 4 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது, குடும்பம் தன் பங்காக முன்பணம் போடவும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 2015இல் கல்விக்கடனுக்கான உத்தரவாத நிதி ஒன்றை மத்திய அரசு ஏற்படுத்தியது. அதன்கீழ் வரும் கடனுக்கு ஏழரை லட்சம் வரை அடமானமும் தேவையில்லை, வெளியாள் ஜாமீனும் தேவையில்லை. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் அதில் 75 சதவீதத்தை அந்த நிதி வங்கிக்கு ஈடுகட்டும். விதி இப்படி இருக்க, கிளையில் எல்.ஐ.சி. பாலிசி கொண்டுவா, டெபாசிட் போடு, அரசு ஊழியர் ஒருவரைக் கூட்டிவா என்று கேட்டால், அது அந்தக் கிளை கேட்பது. திட்டம் கேட்பது அல்ல.

ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் இந்த மாதிரித் திட்டத்தில் சொத்து அடமானம் கேட்பார்கள். இந்தக் கரையில் அங்கேதான் கதவு அடைபடுகிறது. பல மீனவக் குடியிருப்புகள் தலைமுறை தலைமுறையாகப் புறம்போக்கில் இருப்பவை. வீடு இருக்கும், மின்சார இணைப்பு இருக்கும், வீட்டுவரி ரசீதும் இருக்கும். பட்டா இருக்காது. படகை அடமானமாக வைக்கலாமே என்றால், எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை எந்த நாளும் பிடித்துக்கொண்டு போகக்கூடிய ஒரு பொருளை எந்த வங்கியும் ஈடாக எடுத்துக்கொள்ளாது. அதனால் தனியார் மருத்துவப் படிப்பு, வெளிநாட்டுப் படிப்பு போன்றவை இந்த வீடுகளுக்குக் கல்விக்கடன் வழியாக எட்டுவதே இல்லை.

சரி, 4 லட்சம் வாங்கிய ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். 4 ஆண்டுப் படிப்பு. ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் ஒரு லட்சம் வீதம் வங்கி கல்லூரிக்கு அனுப்புகிறது. வட்டி ஆண்டுக்குப் பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைத்தான் சலுகைக் காலம் என்கிறார்கள். கட்ட வேண்டியதில்லை என்றுதான் அர்த்தம். வட்டி ஓடாது என்று அர்த்தம் இல்லை. முதல் லட்சத்துக்கு 5 ஆண்டு, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 3, நான்காவதற்கு 2 ஆண்டு என்று தனிவட்டி சேர்கிறது. மொத்தம் 1 லட்சத்து 47 ஆயிரம். தவணை தொடங்கும் நாளில் இந்த வட்டியை அசலோடு சேர்த்து 5 லட்சத்து 47 ஆயிரமாக்கி, அதன்மேல்தான் மாதத் தவணையைக் கணக்கிடுவார்கள். 15 ஆண்டில் கட்டுவது என்றால் மாதம் சுமார் 6,050 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறக்குறைய 10 லட்சத்து 88 ஆயிரம் போயிருக்கும். 7 ஆண்டில் முடித்தால் மாதம் 9,200க்குக் கொஞ்சம் மேல், மொத்தம் ஏழே முக்கால் லட்சம் அளவில் நிற்கும். தவணை சின்னதாக இருக்கிறதே என்று 15 ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் வீடு 3 லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கட்டுகிறது. கையெழுத்துப் போடும் நாளில் இந்தக் கணக்கை யாராவது ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று, நான் படிவம் நிரப்பிக் கொடுத்த வீடுகளில் பின்னால் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் ஆரம்பத்தில் எழுதிக் காட்டவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் வட்டியில் ஒரு சதவீதம் குறைப்பார்கள். முதல் ஆண்டில் அது மாதம் 875 ரூபாய். மீன்பாடு நல்லபடி இருக்கும் மாதங்களில் முடியக்கூடிய தொகைதான், ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை.

மூன்று வாசல்கள்

ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை கடன் வாங்கிப் படிக்கும்போது மூன்று வேறு அதிகாரங்களுக்குள் நுழைகிறது. வங்கிக்கு விதி எழுதுவது ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும். கல்லூரியையும் படிப்பையும் அங்கீகரிப்பது ஏ.ஐ.சி.டி.இ., யு.ஜி.சி., நர்சிங் கவுன்சில் போன்ற அமைப்புகள். கட்டணம் எவ்வளவு என்று சொல்வது மாநில அரசின் கட்டண நிர்ணயக் குழு. கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில் இருக்கிறது. வங்கித் தொழில் முழுக்க மத்திய அரசின் கையில். இந்த மூன்று வாசலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் குடும்பங்கள் சிக்குகின்றன.

கட்டணக் குழு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் 1992லேயே வந்துவிட்டது. தனியார் கல்லூரி தன் கட்டணத்தைத் தானே தீர்மானிக்கலாம், ஆனால் கொள்ளை லாபம் கூடாது என்று 2002இல் டி.எம்.ஏ. பை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு 2003இல், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மாநிலந்தோறும் குழு என்று பதில் வந்தது. 2005இல் இனாம்தார் வழக்கிலும் அது உறுதியானது. அப்படி அமைந்த குழு தமிழ்நாட்டுச் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017இல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம், அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாக இருந்தால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் பெற்றதற்கு 87,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் குழுவின் கைக்கு வெளியே நிற்பவை.

தாளில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் என்ன ஆகிறது? ரசீதில் ஒரு தொகை இருக்கும். அப்புறம் பஸ், லேப், பிளேஸ்மென்ட் பயிற்சி, சீருடை, வளர்ச்சி நிதி என்று வேறு தொகைகள் வரும். அதில் ஒரு பகுதிக்கு ரசீதே கிடையாது. வங்கி எதற்குக் கடன் தரும்? குழு நிர்ணயித்த கட்டணத்துக்கும், கல்லூரி எழுத்தில் தரும் விடுதி, புத்தகம் போன்ற செலவுகளுக்கும் மட்டும்தான். ரசீது இல்லாத பணத்துக்கு வங்கி கடன் தராது; தரவும் முடியாது. ஆக, சட்டப்படியான பகுதி பத்தரை சதவீத வட்டியில் வருகிறது, சட்டத்துக்குப் புறம்பான பகுதி மீட்டர் வட்டியிலும் நகை அடகிலும் மீன் வியாபாரியின் முன்பணத்திலும் வருகிறது. மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு வட்டி என்று தனியாக எதுவும் எழுதியிருக்காது. பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும், அதுதான் வட்டி. ஒரு பிள்ளையின் படிப்புக்காக அந்த வீட்டின் மீன் விலை பல வருஷத்துக்குக் கட்டுப்பட்டுப் போகிறது. கல்விக்கடன் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தக் கடன் வராது. கட்டண ஒழுங்குமுறை தளர்வாக இருப்பதன் விலையை இந்த வீடுகள் இப்படித்தான் கட்டுகின்றன. என்னைக் கேட்டால், வங்கி விதியைத் திருத்துவதைவிட ரசீது இல்லாத வசூலை நிறுத்துவதுதான் இங்கே அவசரமான வேலை.

அங்கீகாரம் என்ற வாசலில் ஏமாறுவதும் உண்டு. இந்தக் கரையின் பையன்களுக்குக் கப்பல் வேலை இயல்பாகப் பிடிக்கும். பெண் பிள்ளைகளில் பலருக்கு நர்சிங். மாதிரித் திட்டத்தில் கப்பல் படிப்புக்கு இடம் உண்டு, ஆனால் அது கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டம் அல்லது பட்டயப் படிப்பாக இருக்க வேண்டும். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம். ஏஜென்ட் காட்டும் வண்ண நோட்டீசில் கப்பல் படமும் ஆஸ்பத்திரிப் படமும் இருக்கும். அங்கீகார எண் இருக்காது. வங்கி மறுத்தால் கோபம் வங்கி மேல் போகிறது. அந்த ஓர் இடத்தில் வங்கி மறுப்பது பிள்ளைக்கு நல்லதுதான்.

வட்டி மானியம் யாருக்கு

2009-10 முதல் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலமும் அதன் பிறகு ஓர் ஆண்டும் சேரும் வட்டி முழுவதையும் அரசே கட்டிவிடும். கனரா வங்கி வழியாக இது நடக்கிறது. நாம் மேலே போட்ட கணக்கில் அந்த 1 லட்சத்து 47 ஆயிரம் வட்டி அப்படியே விழுந்துவிடும். தவணை 4 லட்சத்தின்மேல் கணக்கிடப்பட்டு 15 ஆண்டுக்கு மாதம் 4,420 அளவில் நிற்கும். 10 ஆண்டில் முடித்தாலும் 5,400தான். இந்தக் கரையில் தொழிலாளி வீடுகளில் பெரும்பாலானவை இந்த வருமான வரம்புக்குள் வருபவை. அதனால் இதைவிடப் பெரிய உதவி கல்விக்கடனில் வேறெதுவும் இல்லை.

அதில் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. முதலாவது, 2018 முதல், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிக்கோ, பாடப்பிரிவின் தரத்தை மதிப்பிடும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கோ தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்கோதான் இந்த மானியம். நர்சிங், மருத்துவம் போன்றவற்றுக்கு அந்தந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் போதும். கல்லூரியில் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லூரிகளில் ஒரே படிப்பைப் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மானியம் உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற நிலை இதனால் வருகிறது. இரண்டாவது, வருமானச் சான்று. தாசில்தார் தரும் சான்றைக் கடன் வாங்கும்போதே கொடுத்து, மானியத்துக்கு வங்கி விண்ணப்பித்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது முடிச்சுதான் இந்தக் கரைக்கு ரொம்பக் கொடுமையானது. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு மானியம் கிடையாது. உடல்நலக் காரணம் என்றால் மட்டும் விலக்கு. அப்பா இலங்கைச் சிறையில், படகு அங்கேயே அரசுடைமை என்று ஆனால், இரண்டாம் ஆண்டு படிக்கும் மூத்த பையன் என்ன செய்வான்? வீட்டுக்கு வந்து வேறொரு படகில் ஏறுவான். அந்த நாளோடு மானியமும் போகிறது, சலுகைக் காலமும் முடிவை நோக்கி வருகிறது. கல்லூரியை ஒழுங்கீனத்தால் விட்டவனும், குடும்பத்தைக் காப்பாற்ற விட்டவனும் விதியின் கண்ணில் ஒன்று. உடல்நலத்துக்குத் தந்த விலக்கை இதற்கும் தருவதற்கு ஒரு வரித் திருத்தம் போதும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 8 லட்சம் வரை வருமானம் உள்ள வீட்டுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் சலுகைக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை. நல்ல திட்டம், ஆனால் நாடு முழுக்கத் தரவரிசையில் முன்னால் நிற்கும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்; ஒப்புதல் தந்தபோது அவை 860. தரவரிசையில் முன்னால் நிற்கும் கல்லூரிக்கு இந்தக் கரையிலிருந்து எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மாநில அரசின் பக்கத்தில் நடந்த ஒன்று உண்மையிலேயே கடனைக் குறைத்தது. 2021 முதல் பொறியியல், சட்டம், வேளாண்மை, மீன்வளம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அந்த இடத்தில் சேர்ந்த பிள்ளைக்குக் கடனே வேண்டாம். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் பல பிள்ளைகள் படிப்பது திருச்சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில். அதே கட்டணமில்லாத படிப்பு, அதே ஏழை வீடு, ஆனால் ஒதுக்கீடு இல்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் இந்தக் குறையை 2024 இறுதியில் சரிசெய்து உதவிபெறும் பள்ளி மாணவிகளையும் சேர்த்தார்கள். 7.5 சதவீதத்தில் அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. வட்டி இஸ்லாமிய மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதால் கல்விக்கடனையே தொடாத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வளைகுடாவில் இருக்கும் மாமாவோ மச்சானோ, ஜமாத்தோ, ஊர் அறக்கட்டளையோதான் வங்கி. வட்டியில்லாக் கல்விக்கடன் என்று வங்கிகளிடம் ஒன்றும் கிடையாது. வட்டி மானியம் முழுமையாகக் கிடைத்தாலும் தவணைக் காலத்து வட்டி நிற்கத்தான் செய்யும் என்பதால், அவர்கள் தயங்குவது நியாயமானதே.

படகுக் கடனும் பிள்ளையின் இடமும்

கல்விக்கடன் பிள்ளையின் பெயரில் வாங்குவது. ஆனாலும் அப்பா இணைக் கடன்தாரர் என்பதால் கிளையில் முதலில் பார்ப்பது அப்பாவின் சிபில் மதிப்பெண்ணை, அதாவது பழைய கடன்களை அவர் எப்படிக் கட்டினார் என்பதற்கான மதிப்பெண்ணை. படகு பிடிபட்ட வருஷத்தில் இன்ஜின் கடன் நின்றுபோயிருக்கும். மகளிர் குழுக் கடனில் அம்மா இரண்டு வாரம் தவறியிருப்பார். சிபில் அதை அப்படியே சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. பெற்றோரின் சிபில் மதிப்பெண் சரியில்லை என்பதைக் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்னது. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதும் காரணமாகாது என்று 2023இல் சொன்னது. பக்கத்து மாநிலத் தீர்ப்பு இங்கே கிளை மேலாளரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மனுவோடு வைத்துக் காட்டலாம்.

மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. விண்ணப்பத்தை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது மாதிரித் திட்டம். மறுத்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உங்கள் ஊர் எங்கள் சேவைப் பகுதியில் இல்லை என்று மறுக்கக் கூடாது என 2012இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆனால் வாய்ச்சொல்லாகவே திருப்பி அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. வாயால் மறுத்ததற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால்தான் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கச் சொல்கிறேன். அங்கே தேதியும் எண்ணும் பதிவாகும்.

கட்டாமல் நிற்கும்போது

ஒரு தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வராக்கடன் ஆகிறது. அந்த 90ஐயும் தடைக்காலத்தின் 61ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையனுக்கு வேலை கிடைக்கவில்லை, அப்பாதான் தவணை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே நிறைய வீடுகளில் அதுதான் நடப்பு. மே மாதத் தவணையும் ஜூன் மாதத் தவணையும் கட்ட முடியாது. ஜூன் கடைசியில் வரும் முதல் பங்கு மளிகைக் கடைக்கும் டீசல் பாக்கிக்கும் போகும். ஜூலையில் இன்னும் ஒரு தடங்கல், ஒரு புயல் சின்னம் அல்லது ஒரு சிறைபிடிப்பும் அதைக் கண்டித்து ஒரு வேலைநிறுத்தமும் வந்தால் போதும், கடன் வராக்கடன் ஆகிவிடும். பயிர்க்கடனுக்கு இப்படி இல்லை. குறுகிய காலப் பயிர் என்றால் 2 பருவம், நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம் தாண்டிய பிறகுதான் வராக்கடன் என்று ரிசர்வ் வங்கியே விதி வைத்திருக்கிறது. 2018-19 முதல் விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் உண்டு. அதாவது, கடல் தொழிலுக்குப் பருவம் இருக்கிறது என்று வங்கித் துறைக்குத் தெரியும். அதே வீட்டின் பிள்ளை வாங்கும் கல்விக்கடனுக்கு மட்டும் அந்தப் பருவம் தெரியாமல் போகிறது. மே, ஜூன் இரண்டு மாதத் தவணையை மற்ற 10 மாதங்களில் பிரித்துப் போட்டால் வங்கிக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை.

வராக்கடன் ஆனபின் நடப்பதைப் பற்றி 2016இல் பெரிய விவாதம் எழுந்தது. ஸ்டேட் பேங்க், நின்றுபோயிருந்த 800 கோடிக்கும் மேற்பட்ட கல்விக்கடன்களை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குப் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றது. வசூல் நிறுவனத்துக்குத் தந்த அந்தத் தள்ளுபடியைக் கடன் வாங்கிய பிள்ளைக்கே தந்திருக்கக் கூடாதா என்று அப்போது எழுந்த கேள்வி இன்றும் நியாயமாகவே படுகிறது. நிலுவையில் ஒரு பகுதியைக் குறைத்து ஒரேயடியாகக் கட்டி முடிக்கும் ஒரே தவணைத் தீர்வை வங்கிகள் தருவது உண்மை. ஆனால் அப்படி முடித்தால் சிபில் பதிவில் முழுதும் கட்டி முடித்ததாக வராது, பேசித் தீர்த்ததாகத்தான் வரும். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அது குறுக்கே நிற்கும். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. மிரட்டவோ, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தவோ கூடாது. இது ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்னது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தி இல்லையென்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

"எலெக்ஷன் வந்தா தள்ளுபடி ஆயிரும், கட்டாத" என்ற பேச்சு எல்லாத் தேர்தலுக்கு முன்னும் கரையில் கேட்கிறது. 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடனும் கூட்டுறவு நகைக்கடனும் தள்ளுபடி ஆனதைப் பார்த்தவர்கள் நம்புவதில் தப்பில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கம் மாநில அரசின் வரம்பில் வருவது, தேசிய வங்கி அப்படி அல்ல. மாநில அரசு கல்விக்கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் அந்தத் தொகையை அது வங்கிக்குக் கட்ட வேண்டும். 2014 இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்த நிவாரணம்கூட, 2009 மார்ச் 31க்கு முன் வாங்கிய கடன்களில் 2013 டிசம்பர் வரை சேர்ந்த வட்டிக்குத்தான். அசல் அப்படியே நின்றது. தள்ளுபடியை நம்பி 3 வருஷம் கட்டாமல் இருந்த வீடுகளில், வட்டியும் அபராத வட்டியும் சேர்ந்து வாங்கிய கடனைத் தாண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்குறுதியைக் கொடுத்தவர்கள் யாரும் அந்த வீட்டுப் படியேறி வந்து விளக்கம் சொல்லவில்லை.

கட்ட முடியாது என்று தெரிந்தால் அமைதியாக இருந்துவிடாமல் எழுத்தில் கேட்க ஒரு வழி இருக்கிறது. 2015இல் திருத்திய மாதிரித் திட்டத்தில், வேலை இல்லாத காலத்துக்கும் சம்பளம் போதாத காலத்துக்கும் கடன் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் குறைவாகவும் போகப்போகக் கூடுதலாகவும் கட்டும் ஏறுவரிசைத் தவணைக்கும் அதில் இடம் உண்டு. வங்கி தானாக முன்வந்து இதைத் தராது. வராக்கடன் ஆவதற்கு முன், அதாவது அந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை, இணைக் கடன்தாரர் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று, வேலை இல்லை என்பதற்கோ சம்பளம் இவ்வளவுதான் என்பதற்கோ ஓர் ஆதாரம், விசைப்படகுத் தொழிலாளி வீடு என்றால் மீன்வளத்துறை தரும் தடைக்கால நிவாரணப் பதிவின் நகல் ஒன்று. கிளையில் கொடுத்து இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சீலுக்கு நல்ல மாதம் மார்ச், படகுகள் இன்னும் தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது.